மூட்டையில் வந்த கடல்: மெரினாவிலிருந்து படப்பை வரை

பழைய மதராஸ்காரர்கள் பேச்சில் இரண்டு காலேஜ் உண்டு. எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை 'உயிர்க் காலேஜ்'. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். 1851இல் தொடங்கிய மியூசியத்தில், டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் இருந்தபோது, 1855இல் உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்ட ஆரம்பித்தார்கள். 1863இல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின. 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறந்தது. புலியும் கரடியும் தாம்பரம் தாண்டி வந்த கதை இது.

அந்த வீட்டுக்கு மூன்றாவது பிள்ளை ஒன்றும் இருந்தது. அதை இப்போது யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1909 அக்டோபர் 21ஆம் தேதி மெரினா கடற்கரையில் மியூசியம் திறந்த மீன் காட்சியகம் அது. இந்தியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது. திட்டம் எட்கர் தர்ஸ்டன் காலத்தது. திறந்தபோது தர்ஸ்டன் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு அடுத்து மியூசியம் ஜே.ஆர். ஹெண்டர்சன் கைக்கு வந்திருந்தது. 1919இல் காட்சியகம் மீன்வளத் துறைக்குப் போனது. 1942இல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலி பண்ணிக்கொண்டு ஓடிய சமயத்தில், மூடினார்கள். பழையபடி திறக்கவே இல்லை.

இந்தக் கதையை இப்போது கிளற ஒரு காரணம் இருக்கிறது. படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டு வருகிறவர்களில் மீன் வளர்க்கிற ஆசை உள்ளவர்கள் நிறைய. கப்பியில் ஆரம்பித்து, கோல்ட்ஃபிஷ், ஏஞ்சல் என்று சில வருஷம் நன்னீரில் பழகிய பிறகு, "அடுத்தது மரைன்தான் சார், நாலடித் தொட்டியா போட்டுடலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். கடையில் கேட்டால் கண்ணாடி, ஸ்டாண்டு, லைட், ஃபில்டர் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும், கடலை ஊருக்குள் கொண்டுவர முயன்று யாரோ தோற்ற வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் காசும் மிச்சம், மீனின் உயிரும் மிச்சம்.

கடற்கரையில் ஏன் கட்டினார்கள்?

மியூசியம் எழும்பூரில் இருக்க, மீனுக்கு மட்டும் மெரினாவில் ஏன் கட்டிடம்? தண்ணீர் அங்கேதானே இருக்கிறது! கடல் மீனை உள்நாட்டில் வைப்பது அந்தக் காலத்தில் பெரும் பாடு. லண்டனில் வாழ்ந்த ஆனா தின் என்ற பெண்மணி 1846இல் டார்க்கி கடற்கரையில் கண்டெடுத்த பவள உயிர்களைப் பாத்திரத்தில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். தினமும் புதுக் கடல் நீருக்கு எங்கே போவது? இருந்த நீரையே வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். நாம் டீ ஆற்றுகிற மாதிரிதான்! காற்று கலந்தது, உயிர்கள் பிழைத்தன. இன்று நம் தொட்டியில் 'வேவ்மேக்கர்' செய்கிற வேலைகளில் ஒன்று அந்தப் பெண்ணுடையது.

1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தது. அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் மீன் தொட்டி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'அக்வேரியம்' என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியது அதுதான். செயற்கைக் கடல் நீருக்குச் செய்முறை சொன்னவரும் அவரே: சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, ஆக நான்கு உப்புகள். கடல் முதன்முறையாகப் பொட்டலத்துக்குள் வந்தது என்று சொல்லலாம்.

நான்கு உப்பு போதுமா என்பதற்குப் பதில் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றியது. அது கொண்டுவந்த நீர் மாதிரிகளில் 77ஐ வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து 1884இல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலானாலும் உப்பு கூடலாம், குறையலாம்; ஆனால் முக்கிய உப்புகளுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. பல நாடுகளில் பல கம்பெனிகள் தயாரிக்கும் அக்வேரியம் உப்பு மூட்டைக்கு அஸ்திவாரம் இதுதான். விகிதம் நிலையானது என்பதால், கரைத்த பிறகு நாம் உப்பின் அளவை மட்டும் அளந்தால் போதும். அடர்த்தி 1.025, அதாவது லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு.

இங்கே நம்ம ஊர் சம்பந்தம் ஒன்று. அதே சாலஞ்சர் கப்பல் அள்ளி வந்த உயிரினங்களில் துறவி நண்டு வகையறாவைப் பற்றிய அறிக்கையை எழுதியவர் மெரினா காட்சியகத்தின் ஹெண்டர்சன்தான். 1888இல் வெளிவந்தது. மியூசியத்துக்கு வருமுன் அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. படப்பையிலிருந்து தாம்பரம் போகிறவர்கள் அந்தக் காம்பவுண்டைக் கடக்கும்போது ஹெண்டர்சனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

எந்த உப்பு, எந்தத் தண்ணீர்?

படப்பையிலிருந்து கடல் நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். "கோவளம் போய் கேன்ல பிடிச்சுட்டு வந்துடலாமே" என்று தோன்றும். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி 16 கன அடி. லிட்டரில் சுமார் 450. இருபத்தைந்து லிட்டர் கேன் என்றால் 18 கேன். முதல் நாள் ஆர்வத்தில் கொண்டுவந்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்ற வேண்டுமே? அதோடு வடகிழக்குப் பருவமழை வந்தால் கரையோர நீரில் உப்பு குறையும், ஆறுகள் ஊரின் சாக்கடையையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டும்.

"கேளம்பாக்கம் பக்கம்தான் உப்பளம் இருக்கே, அந்தக் கல்லுப்பைக் கரைச்சா?" என்றும் சிலர் கேட்பார்கள். ஆகாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்து பிரிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு விளையும். மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சுகிற கசப்பு நீரோடு வெளியே போய்விடும். நல்ல உப்பு விளைவிப்பது என்றாலே மற்றதையெல்லாம் விலக்குவது என்றுதான் அர்த்தம். கல்லுப்புக் கரைசலில் உப்பு இருக்கும், கடல் இருக்காது.

ஆக, மூட்டை உப்புதான். 450 லிட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோ. பிறகு ஒவ்வொரு முறை 45 லிட்டர் மாற்றவும் ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கரைக்கிற தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருக்கக் கூடாது. நம் புறநகரில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும் கிணறுகள் அபூர்வமில்லை. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். தொட்டிக்கு அதை மூடிவிட வேண்டும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2019 கோடையில் தண்ணி லாரிக்குக் காத்துக்கிடந்த ஊர் இது. அந்தக் கழிவு நீரைத் துணி அலசவும் கழுவவும் பிடித்து வைக்க ஒரு டிரம்மும் தொட்டிச் செலவில் சேர்த்திதான்.

தினமும் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது வெறும் ஆர்.ஓ. தண்ணீர். உப்பு ஆவியாவதில்லையே! புதிதாக ஆரம்பிப்பவர்கள் நிறைய பேர் சறுக்குகிற இடம் இது.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

காஸ் காலத்து ஆட்கள் செடியும் மீனும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்ளும், செடி பிராணவாயு தரும், மீன் கரியமில வாயு தரும், கணக்கு தீர்ந்தது என்று நம்பினார்கள். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850 வாக்கில் சொன்ன கருத்து அது. பாதி உண்மைதான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை யார் தீர்ப்பது? 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி மண்ணில் வாழும் பாக்டீரியாக்களை வைத்து இதற்கு விடை கண்டார். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை.

இந்தக் கூட்டம் தொட்டியில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. துளி அமோனியாவோ ஒரு சிட்டிகை மீன் தீனியோ போட்டு, சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் கட்டித் தருகிற கடை உங்களுக்கு நல்லது செய்யவில்லை. ஹாலில் ஒன்றரை மாதம் வெறும் கல்லும் தண்ணீரும் இருந்தால் வருகிற உறவுக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

பெரிய தொட்டி, அடியில் இன்னொரு தொட்டி

"முதல்ல சின்னதா ஆரம்பிங்க" என்பது எல்லாத் தொழிலிலும் நல்ல புத்திமதி. கடல் தொட்டிக்கு மட்டும் பொருந்தாது. இதைச் செயலில் காட்டியவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். 1871இல் லண்டனுக்குத் தெற்கே கிரிஸ்டல் பேலஸில், கடலில்லாத இடத்தில், அவர் அமைத்த காட்சியகத்தில் பார்வையாளர் கண்ணில் படும் தொட்டிகளைவிடப் பல மடங்கு நீர், அடியில் இருட்டுக் கிடங்கில் இருந்தது. நீராவி எஞ்சின் இரவு பகலாக அதை மேலே ஏற்றிச் சுழற்றியது. அதே நீரைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டினார்கள். ஒரு தொட்டியில் ஏதாவது கெட்டால் மொத்த நீரில் கரைந்து அடங்கிவிடும்.

இன்று ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் 'சம்ப்' லாயிடின் அந்த இருட்டுக் கிடங்குதான். கணக்கு எளிது. 45 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் ராத்திரி செத்துக் கிடந்தால் வரும் அமோனியா, 450 லிட்டரில் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி. காலையில் எழுந்து பார்த்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். வெயிலில் சூடேறுவதும் மெதுவாக நடக்கும். ஆரம்பிப்பவருக்குத் தேவை அந்த அவகாசம்தான்.

பெரிசுக்கும் விலை உண்டு. முதலில் எடை. 450 லிட்டர் உப்பு நீர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 600 கிலோவை நெருங்கும். அது உட்காரும் இடம் எட்டு சதுர அடி. குடியிருப்பு அறைத் தளங்களுக்கு இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டிக்கு அடியில் விழுவது அதைப்போல நாலு மடங்கு. தரைத்தளம் என்றால் கவலை குறைவு. மாடி ஃபிளாட் என்றால் உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, சுவரோரம் வைத்து, கட்டிய எஞ்சினியரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கரண்ட். லாயிடின் எஞ்சின் நின்றால் என்ன ஆகுமோ அதுதான் நம் மோட்டார் நின்றாலும் ஆகும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது தென்சென்னைப் புறநகரில் பல நாள் மின்சாரம் இல்லை. முதலில் தீர்வது பிராணவாயு. சூடான நீரில் அது இன்னும் குறைவாகவே கரையும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு, தேவைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு ஒன்று, இவற்றை மீனுக்கு முன்பே வாங்க வேண்டும்.

மூன்றாவது வெயில். மே மாதம் நம் ஹாலே 33, 34 டிகிரி. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு 26 முதல் 28 டிகிரி சௌகரியம். நீரின் மேல் காத்தாடி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கலாம், புழுக்கமான நாளில் அதுவும் கிடைக்காது. சில்லர் வாங்கினால் அது தொட்டிச் சூட்டை எடுத்து அறையில்தான் விடும். தொட்டி விலையைவிட, மாதாமாதம் வரும் கரண்ட் பில்லை நினைத்து முடிவெடுப்பது நல்லது.

கல் எங்கிருந்து வருகிறது?

1961இல் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் தன் முறையை எழுதினார். பெரிய யந்திரம் எதுவுமில்லை. பவளத் திட்டிலிருந்து உயிரோடு எடுத்த கற்கள், கடல் நீர், வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழி, அவ்வளவுதான். கல்லின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் வடிகட்டி வேலையைப் பார்த்தன. ஐரோப்பாவில் அதோடு புரோட்டீன் ஸ்கிம்மர் சேர்ந்து, இன்று உலகம் முழுக்க 'லைவ் ராக்' முறை.

நமக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் உயிர்க்கல் என்றாலே கண் முன் வருவது மன்னார் வளைகுடா. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பல காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. சட்டத்தின் கண்ணில் பவளமும் புலியும் ஒரே வரிசை. செத்த பவளத் துண்டை விற்பதும் வாங்குவதும் குற்றம்தான்.

இங்கிலாந்தில் இதே கதை முன்பே நடந்திருக்கிறது. காஸின் புத்தகங்களைப் படித்துவிட்டு ஊரே கடற்கரைக்குக் கிளம்பி, பாறைக் குளங்களைக் காலி பண்ணிவிட்டது. அப்பா நேசித்த அந்தக் குளங்கள் அப்பாவின் புத்தகங்களாலேயே பாழாகிப்போனதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருத்தத்தோடு பதிவு செய்தார். ஹெண்டர்சன் மெரினாவில் காட்சியகம் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

அதனால் "ஒரிஜினல் லைவ் ராக் சார், ராமேஸ்வரம் சரக்கு" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். துளையுள்ள செயற்கைக் கல் கிடைக்கிறது. பாட்டில் பாக்டீரியா ஊற்றி, முன்னே சொன்ன ஆறு வாரம் காத்திருந்தால் அதுவே உயிர்க்கல் ஆகிவிடும். கல் உயிர்பெறுவதற்குக் கடல் தேவையில்லை, நாள்தான் தேவை.

எந்த மீன்?

சென்னையில் மீன் என்றால் கொளத்தூர். வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்கிற குடும்பங்கள் வளர்த்த தொழில் அது. ஆனால் அது நன்னீர் உலகம். கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவைதான்.

விதிவிலக்கு கோமாளி மீன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் நம்ம ஊருக்கும் உறவு உண்டு: 1947இல் சென்னையில் தொடங்கி, 1949இல் மண்டபத்துக்குப் போய், 1971இல் கொச்சியில் தலைமையகம் அமைத்தது. அதன் விஞ்ஞானிகளும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தினரும், கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்து வளர்க்கும் நுட்பத்தை இந்தக் கால் நூற்றாண்டில் கைக்கொண்டுவந்தார்கள். தொட்டியில் பிறந்த மீனுக்குத் தொட்டிதான் ஊர். தீனி எடுக்கும், மிரளாது. அனிமோன் இல்லாமலும் வாழும்.

2017இல் மத்திய அரசு மீன் தொட்டி விதிகள் என்று ஒன்றை அறிவித்தபோது, கூடாதவை பட்டியலில் கோமாளி மீனும் இருந்தது. தொழில் செய்கிறவர்கள் கொதித்துப்போனார்கள், பிறகு விதியே திரும்பப் பெறப்பட்டது. கடலில் பிடித்ததையும் பண்ணையில் பிறந்ததையும் ஒரே தராசில் வைத்ததுதான் அதிலிருந்த கோளாறு. வாங்குகிற நாம் அந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். "இது எங்க பிடிச்சது, எங்க பொரிச்சது?" என்று கடையில் ஒரு கேள்வி. பதில் தெரியாத மீனை வாங்க வேண்டாம். பவளத்தைக் கொத்தித் தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள், ஒரு அடி வளரும் நீல சர்ஜன் மீன், இதெல்லாம் நாலடித் தொட்டியில் புதியவர் கையில் பிழைப்பது கடினம். கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

முதலில் ஒரு ஜோடி கோமாளி. மாதம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு புது மீனையும் மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்து நோய் பார்த்துவிட்டு உள்ளே விடுவது. இந்த வேகத்தில் போனால், தொட்டி நிறைந்ததாகத் தோன்ற ஒரு வருஷம் ஆகும். வாங்கும் வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது: முதலில் தளமும் கரண்ட்டும், பிறகு ஆர்.ஓ.வும் உப்பும், பிறகு தொட்டியும் சம்பும், பிறகு செயற்கைக் கல், கடைசியில்தான் மீன். பட்ஜெட்டும் அந்த வரிசையிலேயே பிரியட்டும். மீனுக்கு ஒதுக்கும் தொகைதான் ஆகக் குறைவாக இருக்கும்.

இப்போது இஞ்சம்பாக்கத்தில், 2019இல் திறந்த வி.ஜி.பி. கடல் உலகத்தில், கண்ணாடிக் குகைக்குள் நடந்தே போய்ப் பார்க்கலாம். தொட்டி வாங்குமுன் ஒருமுறை குடும்பத்தோடு போய், மீன்கள் எவ்வளவு பெரிசாக வளர்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். கடையில் இரண்டு அங்குலத்தில் பார்க்கிற குட்டியைக் கேட்டு அடம்பிடிக்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். மெரினா காட்சியகத்தை நேரில் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறு வயதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது அதைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருந்தால், பழைய புகைப்படமோ நுழைவுச் சீட்டோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால், எனக்கு எழுதுங்கள். அந்தத் தொட்டிகளில் என்னென்ன மீன் இருந்தது, எது நெடுநாள் பிழைத்தது என்று ஒரு தனிப் பதிவே போட ஆசை.